புல்லுக்குள் கிடந்த தேங்காய்ச் சில்லு

இப்போது நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில், பதினோராவது மாடியில். கீழே அடுக்குமாடிக்காரர்கள் அழகுக்காக வைத்திருக்கும் புல்தரை ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை குத்தகை ஆட்கள் லோரியில் வந்து இறங்குவார்கள். தோளில் மாட்டும் மெஷினை உறுமவிட்டு, வந்த வேகத்தில் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவேன்.

அவர்கள் வெட்டுவதைப் பார்த்தால் ரத்தக் கொதிப்பு ஏறும். வெட்டுவதற்கு முன்னால் தரையை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதே கிடையாது. ஒருவர் மட்டும் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு கார்களுக்குப் பக்கத்தில் நிற்பார், கல் தெறித்துக் கண்ணாடி உடையாமல் இருக்க. காருக்கு வலை இருக்கிறது, மெஷின்காரர் காலுக்கு ஒன்றும் கிடையாது. "பார்த்து லா!" என்று ஒருமுறை மேலேயிருந்து கத்தியும் பார்த்தேன். பதினோராவது மாடிக்காரன் கத்தினால் பன்னிரண்டாவது மாடிக்காரருக்குத்தான் கேட்கும். அவர் தலையை நீட்டி, "என்னா அங்கிள், யாரக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

பிறகு வெட்டிய புல்லின் வாசனை மெல்ல மேலே வரும். அது மூக்கில் ஏறியதும் கோபமெல்லாம் போய்விடும். கிள்ளான் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலை என் முன்னால் வந்து நின்றுவிடும்.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடுகளில் கடைசி வீடு, கார்னர் லாட். அதனால் பக்கவாட்டில் நீளமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிமெண்டு போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கிக்கொண்டபோது நான் மட்டும் புல்லை விட்டுவைத்தேன். நடுவில் துணிக்கொடிக் கம்பமும் அதன் அடியில் துவைக்கிற கல்லும் இருந்தன. ஓரத்தில் இட்லிப்பூச் செடிகள், ஒரு மாமரம். மாமரத்தின் வேர் தரைக்கு மேலே புடைத்துக்கொண்டு கிடக்கும். நிலம் முடியும் இடத்தில் லோங்காங். மழைத் தண்ணீர் போகும் கால்வாயை எங்கள் ஊரில் தமிழனும் அப்படித்தான் சொல்வான்.

நான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். சாவி போடுவதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கு அது சட்டமாக இல்லாமல் சுபாவமாகவே ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்காருவதற்கு முன்னால்கூட நாற்காலியை ஆட்டிப் பார்ப்பேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

புல் வெட்ட நான்கு சக்கரம் வைத்த சிவப்பு மெஷின் ஒன்று வைத்திருந்தேன். கயிற்றை இழுத்தால் கிளம்பும், அடியில் பிளேடு சுற்றும், வெட்டிய புல் பக்கவாட்டு வாய் வழியாகப் பைக்குள் போய் விழும். பார்க்கச் சாதுவான சாமான்தான். ஆனால் அந்தப் பிளேடுக்குப் புல் எது, கல் எது என்று தெரியாது. கிடைத்ததை அடித்துத் தூக்கி எறியும். அதனால் நான் துறைமுகத்துப் பழைய சேஃப்டி பூட்ஸை மாட்டாமல் அதைத் தொட்டதில்லை. ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்தாக வேண்டும். மெஷின் ஓடும்போது வேலிக்குள் ஒரு கோழிக்குஞ்சுகூட நிற்கக் கூடாது. லோங்காங் ஓரத்துச் சரிவில் குறுக்கேதான் தள்ளுவேன், மேலும் கீழுமாகத் தள்ளினால் கால் வழுக்கி மெஷின் நம் மேலேயே வரும். அடியில் புல் அடைத்துக்கொண்டால் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கையை விடுவேன். பக்கத்து வீட்டுச் சீனர் தன் குருவிக் கூண்டுகளை வெளியில் மாட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துத் தலையை ஆட்டுவார். புல் வெட்டுகிறானா, விமானம் ஓட்டுகிறானா என்று அவருக்குச் சந்தேகம்.

இப்படி எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு வைத்திருந்த எனக்கு ஒன்றுக்கு மட்டும் ஏற்பாடு இல்லை. அது என் மனைவி உடைக்கும் தேங்காய்.

அவளுக்கு எதற்கும் ஒரு சிதறு தேங்காய் வேண்டும். மகளுக்குப் பரீட்சையா, தேங்காய். எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் டெஸ்டா, தேங்காய். பழைய கார் ஒன்றை வாங்கி வந்தோம், எலுமிச்சம்பழம் போதாது என்று அதற்கும் ஒன்று. சீனருக்குக் கண் ஆப்பரேஷன் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டு வாசலிலேயே போய் ஒன்று உடைத்துவிட்டு வந்தாள். அவரும் ஆப்பரேஷன் முடிந்து வந்ததும் ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். கோயிலில் ஒருவர், "பொம்பளைங்க செதறு தேங்கா ஒடைக்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டு ஆளு ஒடைக்க மாட்டாரு. அப்ப யாருதான் ஒடைக்கிறது?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

நான் உடைக்க மாட்டேன் என்பது உண்மைதான். சாமி இல்லை என்று சொல்கிறவன் இல்லை நான். வண்டியைச் சரியாகப் பார்த்து ஓட்டினால் சாமிக்கு வேலை கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறவன். அவளோ சூடத்தைத் தேங்காய் மேல் ஏற்றி, ஆளைச் சுற்றிக் காட்டிவிட்டு, லோங்காங் விளிம்புக் கான்கிரீட்டில் ஓங்கி அடிப்பாள். ஒல்லியான கைதான், ஆனால் அடி விழுந்தால் தேங்காய் தூள் தூளாகும். பாதி லோங்காங்கில் விழும். பாதி என் புல்லுக்குள் போகும். பருப்பை மைனாக்களும் எறும்பும் சாப்பிட்டுவிடும், ஓடு மட்டும் கிடக்கும். ஒரு வாரத்தில் புல் வளர்ந்து அதை மூடிவிடும்.

மகள் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சமயம். அந்த வாரம் அவளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தள்ளிக்கொண்டு லோங்காங் ஓரமாகப் போனேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். என்னவோ ஒன்று என் முழங்காலை உரசாத குறையாகப் போனது. அடுத்த நொடி கேட் பக்கத்துச் சுவரில் பதித்திருந்த தகரத் தபால் பெட்டி 'டங்' என்று அலறியது. மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியின் நடுவில் ஒரு குழி, கீழே ஒரு தேங்காய்ச் சில்லு. மகள் வேலிக்கு வெளியே நின்று, அந்தப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஹார்ன் கேட்டு அப்போதுதான் ஓடியிருந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, எங்களுக்கு அது தபால் பெட்டியோடு போனது.

"பார்த்தியா? நீ ஒடச்ச தேங்கா. இன்னைக்குப் பிள்ளையோட கண்ணு போயிருக்கும்!" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. "போகலையே" என்றாள்.

"ஏன் போகல? ரொட்டிக்காரன் ஹார்ன் அடிச்சான், அதனால போகல. உன் சாமியா வந்து தடுத்துச்சு?"

"ரொட்டிக்காரர கரெக்டா அந்த நேரத்துக்கு அனுப்பி வச்சது யாரு?"

கழுவுற மீனில் நழுவுற மீன். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அதனால் நான் பேச்சை விட்டுவிட்டுச் சட்டம் போட்டேன். "நீ ஒடை, ஒடைக்காதேன்னு நான் சொல்லல. ஆனா ஒரு துண்டு கிடந்தாலும் மெஷின் ஓடாது." அந்த வாக்கியத்தைத் துறைமுகத்து சூப்பர்வைசர் தோரணையில் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியில் வந்தபோது அவள் ஏற்கனவே புல்லுக்குள் இறங்கியிருந்தாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் நீலப் பிளாஸ்டிக் பேசன் ஒன்றை இடுக்கிக்கொண்டு, வெறும் காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

"செருப்பப் போடு! வெட்டிடும்!"

"செருப்பப் போட்டா காலுக்கு என்னா தெரியும்? சும்மா இருங்க."

மெல்ல ஒவ்வோர் அடியாக வைப்பாள். பாதம் புல்லைத் தடவித் தடவிப் போகும். ஏதாவது தட்டுப்பட்டால் நின்று, குனிந்து, புல்லை விலக்கி எடுத்துப் பேசனில் போடுவாள். 'டொக்' என்று விழும். கண்ணால் தேடும் எனக்கு அகப்படாதது அவள் காலுக்கு அகப்பட்டது. நான் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னாலேயே போவேன். வேலி முதல் கம்பம்வரை, கம்பம் முதல் மாமரம்வரை, அப்புறம் லோங்காங் ஓரம். முழுக்க நடந்துவிட்டு, "ம், ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுவாள். அதற்கப்புறம்தான் நான் கயிற்றை இழுப்பேன்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் மகள் கல்யாணமாகிப் பூச்சோங் போன பிறகும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் எங்களுக்கு அதுதான். உள்ளே ரேடியோவில் பழைய பாட்டு போய்க்கொண்டிருக்கும். சீனர் வீட்டுக் குருவிகள் கத்தும். முன்னால் அவள், பின்னால் நான். வீட்டுக்குள் பேசாத பேச்செல்லாம் அந்தப் புல்லில்தான் பேசுவோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அங்கேதான் முடிவானது என்று சொல்லலாம். நானும் மறுத்துப் பேசிப் பார்த்தேன், ஆனால் பின்னால் வருகிறவன் பேச்சு முன்னால் போகிறவளுக்கு எடுபடுமா?

அவளுக்கு இன்னொரு வித்தை தெரியும். அகப்பட்ட சில்லைத் திருப்பிப் பார்த்து, அது எதற்கு உடைத்த தேங்காய் என்று சொல்லிவிடுவாள். "இது பிள்ளை டிரைவிங் டெஸ்டுக்குப் போனப்ப ஒடச்சது. மழ பேஞ்சு கருத்துடுச்சு பாருங்க." "இது போன வாரத்துது, உள்தோலு இன்னும் ஒட்டியிருக்கு." நான், "ஆமா, பேர் எழுதி வச்சிருக்கு" என்பேன். ஆனால் அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அந்தந்த நாள் ஞாபகம் வரும். டிரைவிங் டெஸ்டில் மகள் இரண்டு தடவை ஃபெயிலாகி வந்து கேட்டருகே நின்று அழுதது. அந்தப் பழைய கார் வந்த அன்றே ஸ்டார்ட்டாகாமல் நின்றது, தேங்காய் உடைத்தும் நின்றது என்று நான் கேலி செய்தது. இப்போது நினைத்தால் அந்தப் பேசனில் எங்கள் குடும்பமே சில்லு சில்லாகக் கிடந்ததாகத் தோன்றுகிறது.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதும் எனக்கு அந்தப் புல்லில்தான் முதலில் தெரிந்தது. ஒரு ஞாயிறு பாதி தூரம் நடந்தவள் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "என்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல, காத்து வர மாட்டேங்குது" என்றாள். நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது. இட்லிப்பூச் செடியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மாமரத்திடம் நின்றாள். அதற்கடுத்த வாரம் இறங்கியதுமே நின்றாள்.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்து ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். சர்க்கரையும் இருப்பதால் கொஞ்சம் ஆபத்து உண்டு என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொல்லும் டாக்டர்களைக் கண்டாலே எனக்குப் பயம். அவள் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், நின்று நின்று நடந்து, புல்லில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி முடித்தாள். அன்றைக்கு மழை வந்துவிட்டதால் நான் வெட்டவில்லை. ஈரப் புல்லில் மெஷினை இறக்க மாட்டேன். காரில் ஏறும்போது, "நான் வர்றதுக்குள்ள புல்ல வெட்டிடுங்க. வந்து பார்க்கிறப்ப காடா கிடக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மகள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்கிக்கொண்டாள். ஆப்பரேஷன் அன்று விடிந்ததும் நான் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். பூட்டுச் சாவியை எடுக்கச் சாமி மாடத்துப் பக்கம் போனேன். அங்கே எப்போதும் ஒரு தேங்காய் தயாராக நிற்கும். அன்றும் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு, மகளுக்கு, காருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று எல்லாருக்கும் உடைத்தவள் தனக்கென்று ஒன்று உடைத்துக்கொண்டதில்லை. தனக்குத் தானே சுற்றி உடைத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர்தான் உடைக்க வேண்டும். இந்த வீட்டில் அந்த இன்னொருவர் நான் ஒருவன்தான்.

தேங்காயை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு வெளியில் வந்தேன். சூடம் ஏற்றினேன். யாரைச் சுற்றுவது? ஆள் இல்லையே. வாசற்படி ஓரம் அவளுடைய சிலிப்பர் கிடந்தது, இறங்கியதும் கால் நுழைக்கத் தோதாக எப்போதும்போல வெளியே பார்த்து வைத்திருந்தாள். அதை மூன்று தடவை சுற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "கூட்டிக்கிட்டு வந்துடு" என்று மட்டும் சொன்னேன், யாரிடம் என்றுகூடப் பார்க்காமல்.

அப்புறம் அவளைப் போலவே லோங்காங் விளிம்பைப் பார்த்து ஓங்கி எறிந்தேன். குறி தப்பியது. தேங்காய் புல்லில் விழுந்து, பந்து போல ஒரு துள்ளு துள்ளி உருண்டு போனது. எடுத்து மறுபடி எறிந்தேன். விளிம்பில் பட்டு, உடையாமல், நேராக லோங்காங்குக்குள் போய்விட்டது. ஃபோர்க்லிஃப்டால் பலகையின் மூலையைக்கூட உரசாமல் பெட்டி அடுக்கியவன் நான். அன்று தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு விளக்குமாற்றால் தேங்காயை நெம்பிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால் கூண்டைக் கையில் பிடித்தபடி சீனர் நிற்கிறார். எத்தனை நேரமாக நிற்கிறாரோ.

"பாஸ், பாராங் மாவ்?" என்றார். அரிவாள் வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்கிறார்.

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் கண்ணில் பட்டது துவைக்கிற கல். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதன் மேல் அடித்தேன். உடைந்தது. தண்ணீர் என் பூட்ஸில் தெறித்தது, துண்டுகள் நாலா பக்கமும் பறந்து கணுக்காலை மறைக்கத் தொடங்கியிருந்த புல்லுக்குள் விழுந்தன. ஒரு துண்டு கல்லின் மேலேயே நின்றது. பருப்பு அழுகாமல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இதையெல்லாம் நம்பாதவனுக்கு ஏன் இறங்க வேண்டும் என்று யோசிக்க அப்போது நேரமில்லை. சீனர் தலையைக் குனிந்து எனக்கு ஒரு வணக்கம் போலச் செய்துவிட்டு உள்ளே போனார்.

ஆப்பரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். ஆனால் அதற்கப்புறம் காய்ச்சல் கண்டது, சளி நெஞ்சில் இறங்கியது, மறுபடியும் மூச்சு மெஷினில் வைத்தார்கள். "அப்பா, டாக்டர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க லா, நீங்க டென்ஷன் ஆவாதீங்க" என்று சொல்லும்போது மகளின் குரலே நடுங்கும். தினமும் ஃபெடரல் ஹைவேயில் போய், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு, அதே ஹைவேயில் திரும்பி வருவேன். வீட்டுக்கு வந்தால் புல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

சீனர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, தனக்குத் தெரிந்த புல் வெட்டும் ஆள் ஒருவர் இருக்கிறார், அனுப்பட்டுமா என்று மலாயில் கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளே சில்லுகள் கிடந்தன. தெரியாத ஆள் மெஷினை விட்டால் யார் காலுக்கோ, யார் கண்ணுக்கோ ஆபத்து. அது சொல்லக்கூடிய காரணம். இன்னொரு காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சில்லுகளை நானே போய்ப் பொறுக்கிவிட்டால், உடைத்தது உடைக்காததாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பொறுக்குவது அவள் வேலை. அவள் வருவாள், வெறும் காலோடு நடப்பாள், பொறுக்குவாள், பிறகு நான் வெட்டுவேன். அவள் வராவிட்டால் என்று தொடங்கும் வாக்கியத்தை நான் ஒருநாளும் முடித்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம். ஒரு துண்டு கிடக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன், ஒரு தேங்காய் முழுக்கப் புல்லுக்குள் போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். இன்றைக்கு இதே பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டுச் சண்டை போட அவள் இருக்கிறாள் என்பதால்தான் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்று காரிலிருந்து இறங்கியவள் பாதியாகியிருந்தாள். இருமினால் தையல் அதிராமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, கேட்டருகே நின்று, பக்கவாட்டு நிலத்தைப் பார்த்தாள். புல் துவைக்கிற கல்லையே மறைத்திருந்தது.

"இது என்னா, காடு மாதிரி? ஒரு வேல சொல்லிட்டுப் போனேன்."

"மெஷின்ல பிளக் போயிடுச்சு" என்றேன்.

"ஓ" என்றாள். நம்பவில்லை என்று அந்த 'ஓ'விலேயே தெரிந்தது.

சில வாரம் கழித்து அவள் வெளியில் வந்து உட்காரும் அளவுக்குத் தேறினாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அந்த ஞாயிறு பனி காயட்டும் என்று காத்திருந்துவிட்டு, முதலில் அரிவாளால் நீளமான புல்லை அரைவாசி கழித்தேன். மெஷினை வெளியில் கொண்டுவந்து வைத்தேன். அவள் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பேசனை நானே எடுத்துக்கொண்டு புல்லில் இறங்கினேன்.

"நில்லுங்க. பூட்ஸோட தேடினா என்னா தெரியும்? கழட்டுங்க."

என் ஆயுளில் முதல்முறையாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் கால் வைத்தேன். இத்தனை வருஷம் என் புல் என்று பெருமை பேசியிருக்கிறேன், அது இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து வழி சொன்னாள். "மெதுவா. கால அழுத்தி வைக்காதீங்க. தடவுங்க, தடவுங்க. அந்தக் கம்பத்துப் பக்கம் போங்க." கம்பத்தை நெருங்கியதும் குதிகாலில் ஒன்று சுருக்கென்று ஏறியது.

"ஆ!"

"என்னா?"

"கல்லு."

"கல்லுக்கெல்லாம் நீங்க இப்படிக் கத்த மாட்டீங்க. கொண்டாங்க இங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். விரலால் விளிம்பைத் தடவினாள்.

"இது நான் ஒடச்சது இல்ல" என்றாள்.

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"என் அடி விழுந்தா இவ்வளவு பெரிய துண்டு விழாது. அதோட, எல்லாத்தையும் பொறுக்கிட்டுத்தானே நான் போனேன்." என்னைப் பார்த்தாள். "நீங்களா?"

நான் மெஷின் பக்கம் திரும்பிப் பிளக் வயரை ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். நன்றாக இருக்கும் பிளக்கை எவ்வளவு நேரம் ஆட்டுவது?

"எனக்கா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

அவள் அந்தச் சில்லை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஆப்பரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப அதத்தான் நெனச்சேன். ஊருக்கெல்லாம் ஒடச்சோம், நமக்குன்னு ஒண்ணு ஒடைக்க ஆளில்லையேன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது செய்தாக வேண்டுமே என்று மெஷின் கயிற்றைப் பிடித்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள். குரலில் அதிகாரம் திரும்பியிருந்தது. "ஒரு துண்டு கிடந்தாலும் மெஷின் ஓடாது."

கயிற்றை விட்டுவிட்டு மறுபடியும் புல்லில் இறங்கினேன். அவள் கையைக் காட்டக் காட்ட, கல்லைச் சுற்றியும் மாமரத்தடியிலும் லோங்காங் ஓரத்திலும் தடவித் தடவி நடந்தேன். தேடி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அகப்பட்டதையெல்லாம் கொண்டுபோய் அவள் காலடியில் இருந்த பேசனில் போட்டேன். முதல் சில்லை மட்டும் அவள் அதில் போடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.